மனைவி தேர்ந்தெடுத்த டயர்

ரஞ்சித்தின் மவுண்டன் பைக்குக்கு டயர் மாற்ற, மனைவி உமாதேவியும் கூடவே வந்தாள். கடை வாசலின் ஈரமண்ணில் ஒவ்வொரு டயராக அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

“இது பட்டன் டயர்ம்மா. சேத்துல வழுக்காது” என்றார் கடைக்காரர்.

“இவரு வழுக்கி வுழுந்துட்டா என் கதி இன்னாண்ணே? நம்மூர்ல யாருமே போடாத டிசைனா குடுங்க.”

ரஞ்சித் உருகிப்போனான்.

மழை விட்ட ஒரு மாலை, “கம்பெனில ஓ.டி. கீது, லேட்டாவும்” என்று வீட்டில் சொல்லிவிட்டு அந்த சைக்கிளிலேயே கிளம்பியவன், மண்ணூர் ஏரிக்கரைத் தோப்பில் சீட்டாட உட்கார்ந்தான். ரம்மி சேரப்போகும் நேரத்தில் எதிரே உமாதேவி!

“நீ எப்டி இங்க வந்த?”

அவள் பின்னால் கை காட்டினாள். வீட்டு வாசலில் தொடங்கிய டயர் தடம், சேற்றில் கோலம் போட்டுக்கொண்டே தோப்புவரை வந்திருந்தது.

“அன்னிக்கு மண்ணுல அழுத்தி அழுத்திப் பாத்தது இன்னாத்துக்குன்னு நெனச்சே?”