செயலாளர் வீட்டு டிவி

கட்சி ஆபீஸுக்குள் மழைத் தண்ணீர் புகுந்துவிட்டதால், தேர்தல் விவாதம் பார்க்க எல்லோரும் வட்டச் செயலாளர் தணிகாசலத்தின் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவரால் மறுக்க முடியவில்லை.

இப்போதெல்லாம் டிவி, அந்த நேரம் வீட்டில் இருக்கும் குடும்பத்தாரின் மனதுக்குப் பிடித்தவரை ஜெயிக்க வைத்துத்தான் விவாதத்தைக் காட்டும். விருந்தாளிகளைக் கணக்கில் எடுக்காது. இந்த வீட்டில் தணிகாசலமும் மனைவியும் மட்டும்தான். செயலாளர் வீட்டு டிவியில் தலைவர் வெளுத்து வாங்குவார் என்று ஆசையாக உட்கார்ந்தார்கள்.

ஆனால் தலைவர் வாயைத் திறந்தபோதெல்லாம் நெறியாளர் குறுக்கே புகுந்தார். எதிர்க்கட்சிக்காரர் பேசினால் அரங்கமே கைதட்டியது. தலைவருக்கு எங்கோ ஓரிரண்டு பேர் தட்டினார்கள்.

"என்னண்ணே இது?" என்றான் முருகையன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தணிகாசலம் சமையலறைப் பக்கம் கை காட்டினார். "எல்லாம் இவளாலதான். இவ மனசு எப்பவும் அந்தப் பக்கம்."

டீத் தட்டோடு வந்த அவர் மனைவி செண்பகவல்லி, ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஆமாங்க, என்னாலதான். நான் கீழ் வீட்டுல போய் இருக்கேன். நீங்க நல்லாப் பாருங்க."

தட்டை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

தலைவர் மறுபடி பேச ஆரம்பித்தார். அந்த ஓரிரண்டு கைதட்டலும் நின்றுபோனது. பிறகு அவருடைய மைக்கும் அணைந்தது.

"டீ ஆறுது, எடுத்துக்குங்க" என்றார் தணிகாசலம்.

யாரும் எடுக்கவில்லை.