டார்ச் இருந்த ஆணி

எங்கள் விமானப் பழுதுக்கூடத்தில் கருவி எடுப்பவர், அது இருந்த ஆணியில் தன் பெயர் பொறித்த பித்தளை வில்லையை மாட்ட வேண்டும். கருவி திரும்பாமல் விமானம் நகராது. இன்றும் டார்ச் இல்லை. செத்துப்போன என் மனைவியின் வில்லை தொங்கியது. அவளும் இங்கே மெக்கானிக்காக இருந்தவள்.

“மறுபடியுமா? உன் வீட்டுக்காரம்மா வில்லையை எவன்யா மாட்டுறது?” என்று சூப்பர்வைசர் கத்தினார்.

“தெரியல சார். அவகூட வச்சுத்தான் புதைச்சேன்.”

“அப்ப விமானத்தை நான் தோள்ல தூக்கிட்டுப் போகவா?”

தேடினோம். டார்ச் வழக்கம்போல் அவளுடைய பழைய லாக்கரில் கிடந்தது. எரிச்சலில் அவர் ஆணியையே பிடுங்கி எறிந்தார். “இனி எங்க மாட்டுறாங்கன்னு பார்க்கிறேன்.”

மாலையில் வீட்டைத் திறந்தேன். கதவருகே அவளுடைய வீட்டுச் சாவி தொங்கும் ஆணி இருக்கிறது. அவள் போனதிலிருந்து நான் அந்தச் சாவியைத் தொட்டதில்லை.

சாவி இல்லை. வில்லை தொங்கியது.