நெஞ்சுவலி யாருக்கு?

"தம்பி, ஒண்ணு சொல்லிடறேன். எங்க தங்கச்சிக்கு நெஞ்சுவலி இருக்கு. மாசாமாசம் என் கடையிலதான் மாத்திரை வாங்குது."

பக்கத்து மருந்துக்கடைக்காரர் இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போடுவார் என்று டெய்லரக்கா கனவிலும் நினைக்கவில்லை. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போடப் போன பேனா அந்தரத்தில் நின்றது.

நாற்பத்தாறு வயதில் தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டறியாதவள் அவள்.

"எனக்கா? எனக்கு எங்கேண்ணே நெஞ்சுவலி?"

"மறைக்காதேம்மா. போன வருஷம் ஆஸ்பத்திரியில நாலு நாள் வச்சிருந்தாங்களே."

டெய்லரக்கா அவரை முறைத்தாள். இந்த மனுஷனுக்கு என்ன கேடு வந்தது?

போன மாதம் நாத்தனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, வீட்டிலிருந்த நகையெல்லாம் போனது. அன்றிலிருந்து மருத்துவக் காப்பீடு ஒன்று எடுத்தே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்றாள். தெய்வமே அனுப்பியது போல இந்த ஏஜென்ட் கடைக்கே வந்தான்.

அவன் சட்டையைப் பார்த்ததுமே அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இருபது வருஷமாக ஊருக்கே சட்டை தைப்பவள். காலர் கோணாமல் நிற்கிறவனுக்குப் பேச்சும் கோணாது என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்குப்படி, தினமும் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வரும் மருந்துக்கடைக்காரரைத்தான் நம்பக் கூடாது.

ஏஜென்ட் சிரித்தான்.

"நெஞ்சுவலியெல்லாம் ஒரு விஷயமே இல்லை சார். பரவாயில்லை. படிவத்துல எழுதாம விட்டுடலாம்."

"டெஸ்ட் ஏதாவது எடுக்கணுமா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எதுவும் வேண்டாம். ஆனா இன்னிக்கே கட்டினாத்தான் பாதி விலை. என் நம்பருக்கு அனுப்பிட்டா சாயங்காலமே பாலிசி கையில இருக்கும்."

"கம்பெனி பேருக்குக் கட்டக் கூடாதா?"

"அதுக்கு ரெண்டு வாரம் அலையணும் சார். அக்காவுக்குச் சிரமம் வேண்டாமேன்னுதான்."

பிறகு அவள் பக்கம் குனிந்து, "உங்க மேல அவருக்கு ஏதோ காய்ச்சல் போலிருக்கு" என்றான் மெதுவாக.

இருக்கும். இவள் கடைக்கு வருகிறவர்கள் அவர் வாசலில் வண்டியை நிறுத்துகிறார்கள் என்று போன வாரம்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அதற்காக ஒருத்திக்கு இல்லாத நோயை ஒட்டவைப்பாரா? யாரை நம்புவது என்றே தெரியவில்லை. மூன்று மாதத் தையல் கூலி போன் திரையில் எண்ணாக நின்றது. விரல் வைத்தால் போய்விடும்.

"ஒரு நிமிஷம் பொறும்மா" என்றார் மருந்துக்கடைக்காரர். "தம்பி, உன் ஏஜென்ட் நம்பரைச் சொல்லு. கம்பெனியில ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

"தாராளமா சார். கார்டுலயே அதுவும் இருக்கு, கம்பெனி போன் நம்பரும் இருக்கு."

"கார்டு நீ அச்சடிச்சதுப்பா. கம்பெனி நம்பரை நானே தேடி எடுத்துக்கறேன்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செல்போனில் தேட ஆரம்பித்ததும், ஏஜென்டுக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. மணி அடித்த சத்தம் மட்டும் யாருக்கும் கேட்கவில்லை. பேசிக்கொண்டே வெளியே போனவன், வண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான்.

கம்பெனியில் ஒரு பெண் பொறுமையாகத் தேடிப் பார்த்துச் சொன்னாள். கார்டில் இருந்த ஏஜென்ட் எண்ணில் அவர்களுக்கு ஏஜென்டே கிடையாதாம்.

டெய்லரக்கா போன் திரையை அணைத்தாள். பயம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம்.

"நல்லது செஞ்சீங்கண்ணே, சரி. அதுக்கு எதுக்கு எனக்கு நெஞ்சுவலியை வரவழைச்சீங்க? முதல்லயே போனைப் போட்டிருக்கலாமே?"

"போட்டிருந்தா, பொறாமையில கெடுக்கறேன்னு நினைச்சிருப்பே. அவன் வாயாலயே வரட்டும்னு பார்த்தேன். நோய் இருக்குன்னா நிஜ ஏஜென்ட் கேள்வி கேட்டே துளைச்சிருப்பான். ரிப்போர்ட்டைக் கொண்டா, டெஸ்ட் எடுன்னு அலைய விடுவான். எதைச் சொன்னாலும் பரவாயில்லைங்கறான் பாரு, அவனுக்குத்தான் பயப்படணும்."

"அதுக்காக வாய் கூசாம அவ்வளவு பெரிய பொய்யா? மாசாமாசம் மாத்திரை, நாலு நாள் ஆஸ்பத்திரின்னு?"

இந்தத் தெருவுக்குத் தனி ஆளாகக் கடை போட வந்து ரெண்டு வருஷம் ஆகியும், தன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர் அவர். மாறிப்போன பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"பொய்யில்லம்மா. அதெல்லாம் என் வீட்டுக்காரிக்கு இருந்தது. எதையும் மறைக்காமத்தான் அன்னிக்கு இவனை மாதிரியே பாலிசி போட வந்த ஒருத்தன்கிட்ட சொன்னேன். அவனும் பரவாயில்லைன்னான்."