ஊரறிந்த வலி

"பிளாக் ஜனங்க எல்லாருக்கும் வணக்கம். நான் தசரதன் பேசறேன். எனக்கு மூல ஆபரேஷன் முடிஞ்சு இன்னியோட ஆறு நாளு ஆவுது..."

கோமளா கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஹாலுக்கு ஓடி வந்தாள். அதற்குள் குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குரூப்புக்கு அந்த வாய்ஸ் மெசேஜ் போய்விட்டிருந்தது.

"இன்னாய்யா பண்ணி வெச்சிக்கீற? நாப்பது குடும்பம் கீது அந்த குரூப்புல! பொம்பளைங்க கீறாங்க!"

"கேக்கட்டும்" என்றார் தசரதன், தலையணையில் ஒருக்களித்தபடி.

கோமளாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆவடி ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். சட்டை போடாமல் பால்கனிக்குக்கூட வராத மனுஷன். நாலு வருஷமாக ரத்தம் போனதைக் கட்டின பெண்டாட்டியிடமே மறைத்தவர். டாக்டரிடம் போனபோதுகூட, நர்ஸ் வெளியே போனால்தான் வாயைத் திறப்பேன் என்று அடம்பிடித்தவர்.

அவரா இவர்?

மெசேஜோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. சாயங்காலம் மெல்ல நடந்து கீழே போய், மாடிப்படி ஓரமாக நின்றுகொண்டார். எதிர்வீட்டு ஜஸ்டின் மரியாதைக்கு விசாரித்தான்.

"இப்ப எப்படி இருக்கீங்க சார்? ரொம்ப வலிக்கும்னு சொல்வாங்களே?"

"நானும் அப்டி பயந்துகினுதான் நாலு வருசம் ஓட்டுனேன்பா!" மூன்று மாடிக்கும் கேட்கிற குரல். "ஆபரேஷன் முடிச்ச கையோட அந்த எடத்துலயே மரத்துப் போற ஊசி போட்டுட்டாங்க. அன்னிக்கு ராவு வரைக்கும் ஒண்ணும் தெரியல. அது எறங்கறதுக்குள்ள வலி மாத்திரை குடுத்துட்டாங்க. பொய் சொல்ல மாட்டேன், ரெண்டாம் நாளு, மூணாம் நாளு கண்ணுல தண்ணி வந்துச்சு. ஆனா தாங்கற வலிதான். பாத்ரூம் போறதுக்கு முன்னாடி ஒரு ஜெல்லு தடவிக்கினா மரத்துப் பூடும். அப்பறம் டப்புல வெந்நீர் ஊத்தி உக்காந்தா, சொர்க்கம்!"

மேலே பால்கனியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வாசலில் நின்று கேட்ட கோமளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காய்கறி வண்டியில் ஒருத்தி கேட்டே விட்டாள். "என்ன கோமளாக்கா, உங்க வீட்டுக்காரர் ரேடியோ ஆரம்பிச்சிட்டாரா?"

வீட்டுக்கு வந்து வெடித்தாள் கோமளா.

"அந்த ஊசியில மானம் ரோசமெல்லாம் சேந்து மரத்துப் பூடுச்சா உனக்கு? நான் வெளிய தலை காட்ட வேணாமா?"

தசரதன் மறுநாளும் கீழே இறங்கிப் போனார். அதற்கு மறுநாளும்.

மூன்றாம் நாள் காலையில் காலிங்பெல் அடித்தது. மூணாம் மாடி ஷர்மிளா. இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை. படிக்கட்டில் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி... அங்கிள் சொல்லிட்டு இருந்தாரே, அந்த ஜெல் பேரு என்ன? தேனியில எங்க அண்ணனுக்கு வேணுமாம்."

"டாக்டரைக் கேக்காம வாங்கிடாதம்மா."

"இல்ல ஆன்ட்டி, டாக்டர்கிட்டயே காட்டிக்கலாம்னுதான்... அங்கிள் எந்த ஆஸ்பத்திரி? அந்த மரத்துப் போற ஊசி நிஜமாவே போடுவாங்களா? அங்க லேடி டாக்டர் இருக்காங்களா?"

கோமளா எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினாள். கதவைச் சாத்தியதும் நேராகப் புருஷனிடம் வந்தாள்.

"சந்தோசமா? தேனி வரைக்கும் போயிடுச்சு உன் மானம்! ஷர்மிளா வந்து, அவங்க அண்ணனுக்குன்னு ஆஸ்பத்திரி பேரு கேட்டு வாங்கிகினு போவுது. லேடி டாக்டர் கீறாங்களான்னு வேற கேக்குது!"

தசரதன் வலியை மறந்து சட்டென எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணனுக்கு எதுக்குடி லேடி டாக்டரு?"

கோமளாவுக்குச் சுருக்கென்றது.

தசரதன் குரலைத் தாழ்த்தினார்.

"நான் அட்மிட் ஆன அன்னிக்கு ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணைப் பாத்தேன். துப்பட்டாவால பாதி மூஞ்சிய மூடிக்கினு, கொழந்தைய மடியில வெச்சிக்கினு அழுதுகினு இருந்துச்சு. புள்ள பெத்ததுலேர்ந்து ரத்தம் போவுதாம். 'ஆபரேஷன் வலிக்கு இந்த ரத்தமே தேவலை'ன்னு நர்ஸுகிட்ட சொல்லிட்டு எழுந்து பூடுச்சு. என்னைப் பாக்கல."

"தாங்கற வலிதான்னு அதுகிட்டயே சொல்லியிருக்கலாமேய்யா?"

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா வெக்கத்துல கூனிப் பூடாதா? அவ ஒருத்திகிட்ட மட்டும் சொல்ல முடியாது கோமளா. அதான் எல்லார்கிட்டயும் சொன்னேன்."