துண்டுக்கு அடியில் ±

சவூதியின் ஜுபைல் சைட் ஆபீசில், பிளஸ்ஸும் மைனஸும் ஒட்டிய ± குறியை அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் டைப்பிஸ்ட் ராமையா. கீபோர்டைத் துண்டால் மூடி, உள்ளே கையைவிட்டு என்னமோ செய்வார். திரையில் ± வந்து நிற்கும். அது இல்லாமல் ஒரு பிரஷர் ரிப்போர்ட்டும் பிளாண்டுக்குப் போகாது.

"எப்பிடி அண்ணை?" என்று பக்கத்து சீட் யாழ்ப்பாணத்துப் பிரவீணன் கேட்காத நாளில்லை.

"கைராசிடா தம்பி!"

அந்தக் கைராசியே வினையானது. தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி வேண்டும். லீவு கேட்டுப் போன ராமையாவை, "லீவ் மாஃபி, கிடையாது! நீ போனால் அந்தக் குறியை யார் அடிப்பது?" என்று மேனேஜர் விரட்டிவிட்டார்.

ராமையா துண்டை உதறி எறிந்தார். "தம்பி, இங்க வா. ஆல்ட்டை அமுக்கிக்கிட்டே வலது பக்க நம்பர்ல சைபர், ஒண்ணு, ஏழு, ஏழு தட்டு. அம்புட்டுதான்!"

பிரவீணன் ஒரு வாரம் தட்டினான். டாலர் வந்தது, கேள்விக்குறி வந்தது. ± மட்டும் வரவில்லை.

"எனக்குக் கைராசி இல்லை அண்ணை," என்று மூக்கை உறிஞ்சினான்.

மருமகன் காது இன்னொரு வருஷம் தப்பித்தது.

அடுத்த மாதம் பிரவீணன் லீவு கேட்டான். "நீ இருந்து என்ன கிழிக்கிறாய்? யல்லா, போ!" என்று மேனேஜர் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

அவன் விமானம் ஏறிய பிறகுதான், அவனே டைப் அடித்துக் கொடுத்த விண்ணப்பத்தை ஃபைலில் வைக்க ராமையா கையில் எடுத்தார்.

'தேவைப்படும் நாட்கள்: 30 ± 5.'