கால் டிக்கெட்

"சும்மா மழுப்பாத அஞ்சலாட்சி. உனக்கு மட்டும் எப்பிடி கால் டிக்கெட் போட்டுக் குடுக்கறாங்க? அந்த வித்தைய இந்த அண்ணனுக்கும் கொஞ்சம் சொல்லேன்."

புதுச்சேரி ரயில் நிலையத்தில் முன்பதிவு வரிசை நத்தையாக நகர்ந்துகொண்டிருந்தது. முன்னால் நின்ற பக்கத்து வீட்டு அஞ்சலாட்சியை விடுவதாக இல்லை ராஜவேல்.

"அது உங்களுக்கு வேணாண்ணா. உட்டுடுங்க" என்று சிரித்தாள் அவள்.

"ஏன், நான் வாங்குனா ரயிலு ஓடாதா?"

அவர் அவசரம் அவருக்கு. மங்களூரில் மகள் கார்குழலிக்கு இது தலைப்பிரசவம். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், மகள் தாய்வீட்டுக்கு வருவதற்குப் பதிலாகத் தாய்வீடு அங்கே போக வேண்டியதாகிவிட்டது. மில் மூடியதிலிருந்து வாட்ச்மேன் வேலை பார்ப்பவரின் சட்டைப்பையில் எவ்வளவு இருக்கும்? இரண்டு முழு டிக்கெட் எடுத்தால் பிறக்கப்போகும் பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண் கிடையாது. வெறுங்கையை வீசிக்கொண்டு சம்பந்தி வீட்டு வாசலில் போய் நிற்பதைவிட, மனைவி கமலவேணியை மட்டும் அனுப்பிவிடலாம் என்றிருந்தார். பேரப்பிள்ளையைப் போனில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

"படிக்கிற பசங்களுக்கு சலுகை இருக்கு. வயசானவங்களுக்கு இருந்தத கொரோனாவோட நிறுத்திட்டாங்க. அம்பத்தி மூணு வயசுல, ரெண்டுங்கெட்டானா நடுவுல நிக்கிற எனக்கு என்னா இருக்கு, சொல்லு?"

"நல்லபடியா நிக்கறீங்களே, அதுவே போதாதாண்ணா?"

"தத்துவத்த வச்சிகிட்டு டிக்கெட் எடுக்க முடியுமா?"

ராஜவேலுக்கு ஒரு கணக்கு இருந்தது. இரண்டு வருடமாக இவள் அடிக்கடி திருப்பதிக்குப் போகிறாள். மொட்டைத் தலையும் முக்காடுமாகத் திரும்பி வருகிறாள். இவளுக்கு 'திருப்பதி எக்ஸ்பிரஸ்' என்று பேர் வைத்ததே ராஜவேல்தான். குருசுக்குப்பத்தில் அவர்கள் தெருவே அதைச் சொல்லிச் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். ஒருநாள் இதே வரிசையில் பின்னால் நின்றபோதுதான், அவள் கால் பங்குக் கட்டணம் மட்டுமே கட்டுவதைக் கண்ணால் பார்த்தார்.

"நானே சொல்லிடட்டுமா? சாமிக்கு முடி குடுக்கறவங்களுக்கு ரயில்வேல ஏதோ சலுகை இருக்கு. அதான?"

"யாருண்ணா சொன்னது?"

"யாரு சொல்லணும்? எனக்கு மூளை இல்லியா?" தலையைத் தடவிக்கொண்டார் ராஜவேல். "நானும் மொட்டை போட்டுக்கறேன். இருக்கறதே நாலு முடி. போனா போவட்டும்."

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதீங்கண்ணா!"

அவள் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. அவள் கண் கலங்கியிருந்தது. என் நாலு முடிக்கு இவள் ஏன் பதறுகிறாள் என்று ராஜவேலுக்குப் புரியவில்லை.

அப்போதுதான் கவனித்தார். இன்று முக்காடு இல்லை. விரல்கடை அளவுக்கு வளர்ந்திருந்த முடியில் நாலைந்து ஹேர்பின்னைக் குத்தி, எப்படியோ கொஞ்சம் மல்லிகையை நிற்க வைத்திருந்தாள்.

"வளந்துடுச்சே! இதையும் கொண்டுபோய்க் குடுத்துடுவியா?"

"மாட்டேன். திருப்பதிக்குத்தான் போறேன். ஆனா பெருமாளே நேர்ல வந்து கேட்டாலும் இந்த முடிய மட்டும் தரமாட்டேன்."

ராஜவேலுக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு வார்த்தை சொன்னால் இவளுக்கு என்ன குறைந்துவிடும்? என்ன அழுத்தம்! முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அஞ்சலாட்சியின் முறை வந்தது. கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வாம்மா. காட்பாடிக்குத்தான? சர்டிபிகேட்ட குடு" என்றார்.

காட்பாடியா? ராஜவேல் காதைத் தீட்டிக்கொண்டார்.

"இல்ல சார். இந்த வாட்டி நெஜமாவே திருப்பதிக்குப் போறேன். கால் டிக்கெட் வேணாம், முழு டிக்கெட்டே குடுங்க."

அவர் கை அப்படியே நின்றது. அவள் தலையில் இருந்த பூவைப் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "ரொம்ப சந்தோஷம்மா! இனிமே உனக்கு எப்பவும் முழு டிக்கெட்தான்!"

முழுக் கட்டணம் கட்டுவதில் இரண்டு பேருக்கும் என்ன இத்தனை சந்தோஷம்? டிக்கெட்டை வாங்கிக்கொண்ட அஞ்சலாட்சி, "வரேண்ணா. கார்குழலிய கேட்டதா சொல்லுங்க" என்று வாசலைப் பார்த்து நடந்தாள். ராஜவேல் அவசரமாகக் கவுண்டருக்குள் தலையை நீட்டினார்.

"சார், அந்தம்மாவுக்கு இத்தினி நாளா குடுத்தீங்களே கால் டிக்கெட், அது எங்க வீட்டுக்கும் கெடைக்குமா?"

கவுண்டர்காரரின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அது கேன்சர் வைத்தியத்துக்குப் போறவங்களுக்குக் குடுக்கறது சார். உங்க வீட்ல யாருக்கு?"

"ஐயையோ, யாருக்கும் இல்ல சார்!" என்று பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார் ராஜவேல். "மங்களூருக்கு ரெண்டு பேரு... முழு டிக்கெட்டே குடுங்க."