ஆறாத குளிர்

“ஆகஸ்ட் 12. பரிசோதனைக் கூடத்தில் இன்று சின்னத் தவறு செய்தேன்.” மாலை வகுப்பில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பரிசோதனைக்கூட ஊழியர் பொற்கொடி, ‘சின்ன’ என்பதை அடித்தாள். ரத்தத்தில் மைக்ரோவேவ் அலையைச் செலுத்தி மலேரியாவைக் கண்டறியும் கருவி அங்கே இருந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ரத்தம் குளிர் விட்டபிறகே அளக்க வேண்டும்; இல்லையென்றால் முடிவு தப்பாக வரலாம். காய்ச்சலோடு வந்த கொத்தனார் சூசைராஜின் ரத்தத்தை அவள் உடனே அளந்துவிட்டாள். மலேரியா இல்லை என்று வந்தது. மிச்ச ரத்தத்தையும் கொட்டியாகிவிட்டது.

“அப்ப டாக்டரு குடுத்த அந்த மலேரியா கசப்பு மாத்திரை வேணாமே தாயி?” முடிவைக் கேட்டதும் சூசைராஜ் கேட்டிருந்தார். “எனக்குப் புடிக்காதவன் ஒருத்தன் இருக்கான், குடுத்துடறேன்.”

அவளும் சிரித்துத் தலையாட்டியிருந்தாள்.

இப்போது அவரை மூன்றாம் முறையாக அழைத்தாள். போன் அணைந்திருந்தது. பரிசோதனைச் சீட்டில் வீட்டு முகவரி இல்லை; அவர் வேலை செய்யும் கட்டடத்தின் பெயர் மட்டுமே இருந்தது.

“நாளை காலை ஏழு மணிக்குள் அங்கே போய் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். முதலில், தவறு என்னுடையது என்று சொல்ல வேண்டும்.”